லைன் ஆர்ட்டுக்கு ஒருமுறை போட்ட நிழலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கதாபாத்திரத்துக்கு லைன் ஆர்ட், அதாவது நிறமில்லாத கோட்டோவியம், தயார். அதே கோட்டுக்குச் சிவப்பு உடையில் ஒன்று, மஞ்சள் உடையில் ஒன்று, இரவுக் காட்சிக்கு ஒன்று என்று மூன்று நான்கு பதிப்புகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிழலை முதலிலிருந்து வரைய உட்கார்ந்தால் விடிந்துவிடும். லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலங்களை, சரியாகப் பிரித்து வைத்தால் அந்த வேலையை ஒரே தடவையில் முடித்துவிடலாம். இதைப் பற்றி வரைபவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளும் பதில்களும் கீழே. போட்டோஷாப், கிளிப் ஸ்டூடியோ பெயின்ட், கிரிட்டா, கிம்ப், புரோகிரியேட் என எதில் வரைந்தாலும் அடிப்படை ஒன்றுதான். மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும் இடங்களை மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பப் பயன்படுத்தக்கூடிய நிழல் என்றால் என்ன?

அடியிலுள்ள நிறம் எதுவானாலும் கைவைக்காமல் அப்படியே பொருந்துகிற நிழல். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: நிழல் லேயரில் நிழலின் வடிவம் மட்டும் இருக்க வேண்டும், உடையின் நிறம் அதில் கலந்திருக்கக் கூடாது. சிவப்புச் சட்டைக்கு அடர்சிவப்பை எடுத்து மடிப்புகளைத் தீட்டினால் பார்க்க நன்றாகவே இருக்கும். சட்டையை நீலமாக்கிய அடுத்த நொடி அந்த அடர்சிவப்பு கறைபோலத் தெரியும். அதே மடிப்புகளைத் தனி லேயரில், ஒரே நிறத்தில், மல்டிப்ளை மோடில் (கீழுள்ள நிறத்தைக் கருக்கும் கலப்பு முறை) போட்டிருந்தால் சட்டையின் நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் நிழலும் கூடவே மாறும்.

லேயர்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும்?

கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். முதலில் பின்னணி. அதன் மேல் தட்டை நிறங்கள், அதாவது பிளாட் கலர்: தோல், முடி, சட்டை என்று பகுதிக்கு ஒரு லேயர். அதற்கு மேல் நிழல் லேயர்கள், பிறகு வெளிச்சம், எல்லாவற்றுக்கும் மேல் லைன் ஆர்ட். நிழலைக் கோட்டுக்கு மேலே வைத்தாலும் கறுப்புக் கோட்டில் வித்தியாசம் தெரியாது. பழுப்போ ஊதாவோ கலந்த வண்ணக் கோடாக இருந்தால் நிழல் விழும் இடத்தில் கோடும் கருத்துவிடும். அதனால் கோட்டை உச்சியிலேயே விட்டுவிடுங்கள்.

தட்டை நிறத்தைக் கோட்டின் உள்விளிம்போடு நிறுத்தாமல் கோட்டின் நடுப்பகுதி வரை கொண்டுபோங்கள். கோட்டின் விளிம்பு பாதி ஒளி ஊடுருவும் பிக்சல்களால் ஆனது. நிறம் அதற்கு முன்பே நின்றுவிட்டால் வெள்ளையாக ஒரு மயிரிழை எட்டிப் பார்க்கும். நிறம் நிரப்பும் பக்கெட் கருவியில் பகுதியை ஓரிரு பிக்சல் விரிவாக்கும் அமைப்பு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள், பாதித் தொல்லை தீர்ந்தது.

ஸ்கேன் செய்த கோட்டோவியத்தில் காகிதத்தின் வெள்ளையும் சேர்ந்தே வருகிறது. என்ன செய்வது?

அவசரத்துக்கு அந்த லேயரையே மல்டிப்ளை மோடுக்கு மாற்றினால் வெள்ளை மறைந்துவிடும். ஆனால் கோட்டுக்குப் பிறகு நிறம் கொடுக்க நினைத்தால் அது போதாது, வெள்ளையை நிஜமாகவே நீக்க வேண்டும். கிம்ப்பிலும் கிரிட்டாவிலும் 'கலர் டு ஆல்பா' இருக்கிறது. கிளிப் ஸ்டூடியோவில் எடிட் மெனுவில் 'கன்வர்ட் பிரைட்னஸ் டு ஒபாசிட்டி'. அதற்கு முன் லெவல்ஸை (வெளிச்ச அளவைச் சரிசெய்யும் அமைப்பு) இழுத்து, காகிதத்தின் சாம்பல் சாயலைச் சுத்த வெள்ளையாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க மெல்லிய அழுக்குப் படலம் தங்கும்.

நிழலுக்கு ஏன் மல்டிப்ளை மோடையே எல்லோரும் சொல்கிறார்கள்?

அது செய்வது பெயருக்கேற்ற எளிய கணக்கு. மேல் லேயரின் மதிப்பையும் கீழ் லேயரின் மதிப்பையும் பெருக்கி, மதிப்பின் உச்சமான 255-ஆல் வகுக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலுக்கும் தனித்தனியாக இது நடக்கும். வெள்ளையால் பெருக்கினால் எதுவும் மாறாது. கறுப்பால் பெருக்கினால் கறுப்பே மிஞ்சும். இடையில் எந்த நிறத்தை வைத்தாலும் கீழுள்ளது வெளிறாது, கருக்க மட்டுமே செய்யும்.

ஓர் உதாரணத்தைப் போட்டே பார்ப்போம். நிழல் நிறம் 170, 160, 200 என்ற வெளிர் ஊதா. கீழே 220, 60, 50 என்ற சிவப்புச் சட்டை. விடை 147, 38, 39: ஆழமான, சற்றே குளிர்ந்த சிவப்பு. சட்டையை 245, 210, 90 என்ற மஞ்சளாக மாற்றுங்கள். நிழல் தானாகவே 163, 132, 71 ஆகி, மண் கலந்த மஞ்சளாகிறது. நிழல் லேயரை நீங்கள் தொடவே இல்லை. வெள்ளைச் சட்டையில் அதே நிழல் ஊதாவாகவே தெரியும், வெள்ளைத் துணியின் நிழலுக்கு அது பொருத்தமும்கூட.

நிழலுக்குச் சாம்பல் போதாதா? நிறம் எதற்கு?

வடிவத்தை வரையும்போது சாம்பலே வசதி. இறுதிப் படத்தில் சாம்பல் நிழல் பெரும்பாலும் தோலைச் செத்ததுபோல ஆக்கிவிடும், அதுவும் முகத்தில் உடனே தெரியும். என் வழக்கம்: சாம்பலில் வரைவது, முடிந்ததும் அந்த லேயரில் ஆல்பா லாக் (ஏற்கனவே வரைந்த இடத்துக்கு வெளியே நிறம் படாமல் தடுக்கும் பூட்டு) போட்டு முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவது. நிரப்பும்போது பக்கெட்டைத் தொடாதீர்கள். அது விளிம்பிலுள்ள பாதி ஒளி ஊடுருவும் பிக்சல்களைத் தவறவிட்டு, பழைய சாம்பலை ஓரத்தில் வரிபோல விட்டுவைக்கும். ஆல்பா லாக் இயங்கும்போது 'ஃபில்' கட்டளையைக் கொடுத்தால் விளிம்பு உட்பட எல்லாம் மாறும்.

நிழலின் அடர்த்தியைப் பிரஷ்ஷின் ஒபாசிட்டியில் (ஒளி ஊடுருவாமையின் அளவு) வைக்காமல் லேயரின் ஒபாசிட்டியில் வையுங்கள். வடிவம் முழு அடர்த்தியில் இருந்தால் 35 சதவீதமோ 60 சதவீதமோ எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிரஷ்ஷிலேயே மங்கலாகப் போட்டுவிட்டால் பிறகு கூட்டுவது பெரும்பாடு.

ஒரே ஒரு நிழல் லேயர் போதுமா?

ஒரே ஒரு படத்துக்கு என்றால் போதும். திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் மூன்றாகப் பிரிப்பதுதான் என் பரிந்துரை, ஏனென்றால் மூன்று வகை நிழலும் மூன்று வெவ்வேறு காரணங்களால் மாறுகின்றன.

முதலாவது இடுக்கு நிழல். தாடைக்குக் கீழே, அக்குளில், காலர் கழுத்தைத் தொடும் இடத்தில், விரல்களுக்கு இடையில், முடிக்கற்றையின் வேர்ப்பகுதியில் விழுவது. அங்கே சுற்றுப்புற வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைவது குறைவு. அதனால் விளக்கு இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் இது பெரிதாக மாறுவதில்லை. நான்கு பதிப்புக்கும் ஒரே லேயர், கைவைக்கவே வேண்டாம்.

இரண்டாவது வடிவ நிழல். கன்னம் வளைந்து போகும் பக்கம், கையின் உருளையான மறுபுறம். விளக்கு நகர்ந்தால் இதுவும் நகரும். இடப்பக்க விளக்குக்கு ஒன்று, வலப்பக்க விளக்குக்கு ஒன்று என இரண்டு லேயர் போட்டு வைத்தால் பெரும்பாலான காட்சிகள் அடங்கிவிடும்.

மூன்றாவது விழும் நிழல். தொப்பி முகத்தில் போடுவது, கை மார்பில் போடுவது. இது விளக்கையும் பொறுத்தது, எதிரில் இருக்கும் பொருளையும் பொறுத்தது. மூன்றில் மிகக் குறைவாகத் திரும்பப் பயன்படுவது இதுதான், எனவே இதில் அதிக நேரத்தைச் செலவழிக்காதீர்கள். தொப்பியைக் கழற்றிய பதிப்பு என்றால் இந்த லேயரை மட்டும் அணைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே லேயரில் குழைத்திருந்தால் நெற்றியில் தொப்பியின் நிழலைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நேரமில்லை, ஒன்றை மட்டும்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இடுக்கு நிழலைச் செய்யுங்கள். அது மட்டும் இருந்தாலே தட்டையான படத்துக்குக் கனம் வந்துவிடும்.

இரண்டு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படும் இடம் திட்டாகக் கருத்துவிடுகிறதே?

இரண்டு மல்டிப்ளை லேயர் என்றால் இரண்டு முறை பெருக்கல். மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது இன்னொரு முறை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து, பாதிக்கும் கீழே போய்விடும். ஒரே விளக்கு மறைக்கப்படுவதால் உண்டாகும் இரண்டு நிழல்கள் நிஜத்தில் அப்படிக் கூடுவதில்லை. ஏற்கனவே மறைந்த விளக்கை இன்னொரு முறை மறைக்க முடியாதல்லவா?

தீர்வு சுலபம். வடிவ நிழலையும் விழும் நிழலையும் ஒரே குரூப்பில், அதாவது லேயர்களின் தொகுப்பில், போடுங்கள். உள்ளே இருக்கும் லேயர்கள் நார்மல் மோடில், ஒரே நிறத்தில், முழு ஒபாசிட்டியில் இருக்கட்டும். குரூப்பை மட்டும் மல்டிப்ளை ஆக்கி, அடர்த்தியையும் குரூப்பிலேயே குறையுங்கள். உள்ளே எத்தனை வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும் வெளியே ஒரே நிழலாகத்தான் வரும். இடுக்கு நிழலை இந்தக் குரூப்புக்கு வெளியே தனி மல்டிப்ளையாக வையுங்கள். அது கூடுதலாகக் கருப்பதுதான் சரி.

நிழலைக் குரூப்பில் போட்டதும் கீழே இருக்கும் நிறத்தில் படாமல் வெறும் ஊதாத் திட்டாகத் தெரிகிறது. ஏன்?

குரூப்பின் மோடைப் பாருங்கள். நார்மல் மோடில் இருக்கும் குரூப், தன் உள்ளே இருப்பதை மட்டும் தனியாகக் கலந்து முடித்துவிட்டு, விடையை ஒரு சாதாரணப் படமாகக் கீழே வைக்கிறது. உள்ளே உள்ள மல்டிப்ளை லேயருக்குக் குரூப்புக்கு வெளியே இருக்கும் நிறங்கள் தெரியாது. போட்டோஷாப்பில் புதுக் குரூப் இயல்பாகவே, உள்ளே உள்ள லேயர்களை வெளியே இருப்பதோடு நேரடியாகக் கலக்க விடும் 'பாஸ் த்ரூ' மோடில் வரும், அதனால் அங்கே இந்தச் சிக்கல் அவ்வளவாக எழாது. கிரிட்டாவில் குரூப்பின் பக்கத்தில் உள்ள பாஸ் த்ரூ ஐகானை நீங்களே அழுத்த வேண்டும். அல்லது முந்தைய பதிலில் சொன்னபடி குரூப்பையே மல்டிப்ளை ஆக்குங்கள்.

கிளிப்பிங் மாஸ்க், ஆல்பா லாக், லேயர் மாஸ்க்: எதை எப்போது?

நிழலை உடலுக்கு வெளியே வழியாமல் நிறுத்த கிளிப்பிங் மாஸ்க். கீழ் லேயரில் எங்கே நிறம் இருக்கிறதோ அங்கே மட்டும் மேல் லேயர் தெரியும். எதுவும் அழிவதில்லை, கிளிப்பை எடுத்தால் முழு வடிவமும் அப்படியே இருக்கும். படங்களை அடுக்கும் இந்தக் கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் முறைப்படுத்தி எழுதினார்கள். இன்றைய கிளிப்பிங் மாஸ்க் அவர்கள் விவரித்த செயல்களில் ஒன்றுதான்.

ஆல்பா லாக் ஏற்கனவே வரைந்ததன் நிறத்தை மாற்ற மட்டும். நிழலை நேரடியாகத் தட்டை நிற லேயரிலேயே ஆல்பா லாக் போட்டு வரைகிறவர்கள் உண்டு. வேகமாக முடியும், ஆனால் நிழலும் நிறமும் ஒன்றாகிவிட்டதால் மறுபயன்பாடு அத்தோடு முடிந்தது. லேயர் மாஸ்க், நிழலின் ஒரு பகுதியை இந்தப் பதிப்பில் மட்டும் மறைக்க; அதில் கறுப்பைத் தீட்டிய இடம் மறையும்.

கிரிட்டாவில் கிளிப்பிங் மாஸ்க்கைக் காணவில்லையே?

அங்கே அதே வேலையை 'இன்ஹெரிட் ஆல்பா' செய்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. அது நேர் கீழே உள்ள ஒரு லேயரை மட்டும் பார்ப்பதில்லை, அதே அடுக்கில் கீழே இருக்கும் எல்லா லேயர்களையும் சேர்த்துப் பார்க்கிறது. அடியில் முழு வெள்ளைப் பின்னணி இருந்தால் எல்லா இடமும் நிரம்பியதாகக் கணக்காகி, நிழல் வெளியே வழியும். தட்டை நிறத்தையும் நிழலையும் ஒரு குரூப்பில் அடைத்துவிட்டுப் பிறகு இன்ஹெரிட் ஆல்பாவை இயக்குங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிரிட்டாவே அப்படியொரு குரூப்பை உருவாக்கித் தரும்.

கறுப்பு உடையில் என் நிழல் தெரியவே இல்லை.

தெரியாது. 30, 30, 35 என்ற கறுப்பில் மேலே சொன்ன ஊதா நிழல் விழுந்தால் 20, 19, 27 வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிழலை இன்னும் அடர்த்தியாக்கிப் பயனில்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, தட்டை நிறத்தையே 60, 58, 72 அளவுக்கு உயர்த்தி, நிழலுக்குக் கீழே இறங்க இடம் கொடுப்பது. மற்றது, வெளிச்சத்தால் வடிவம் காட்டுவது: நிழல் வடிவத்தைத் தேர்வு செய்து, தேர்வைத் தலைகீழாக்கி, மல்டிப்ளைக்கு எதிராக வெளிறச் செய்யும் ஸ்கிரீன் மோடில் ஒரு மங்கிய நீலத்தை நிரப்பி அந்த உடைக்குக் கிளிப் செய்யுங்கள். ஏற்கனவே வரைந்த வடிவமே இங்கே வெளிச்சமாகவும் உழைக்கிறது.

பகல் படத்தை மாலையாகவோ இரவாகவோ மாற்ற முடியுமா?

முடியும், இந்த முறையின் பெரிய லாபமே அங்கேதான். மாலைக்கு நிழலின் நிறத்தை நீலம் கலந்த ஊதாவாக்கி, வெளிச்ச லேயரை ஆரஞ்சாக்குங்கள். இரவுக்கு எல்லாப் பிளாட் கலருக்கும் மேலே 90, 110, 170 போன்ற ஒரு நீலத்தை முழுக்க நிரப்பி மல்டிப்ளை ஆக்குங்கள். பிறகு விளக்கு படும் இடத்தில் அந்த நீல லேயரின் மாஸ்க்கில் கறுப்பைத் தீட்டினால் அடியிலுள்ள பகல் நிறம் விளக்கொளிபோல வெளியே வரும். எந்தெந்த லேயர் எந்தப் பதிப்பில் தெரிய வேண்டும் என்பதைப் போட்டோஷாப்பின் லேயர் காம்ப்ஸ், கிரிட்டாவின் கம்போசிஷன்ஸ் போன்றவை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு சொடுக்கில் பகல், இன்னொன்றில் இரவு.

ஒரு போஸுக்குப் போட்ட நிழலை வேறு போஸுக்கு நகர்த்தலாமா?

முகத்தையும் கைகளையும் பொறுத்தவரை, வேண்டாம். வார்ப் கருவியால் இழுத்துப் பொருத்துவதற்குள் புதிதாக வரைந்துவிடலாம், இழுத்தது இழுத்ததாகவே தெரியவும் செய்யும். ஒரே போஸில் வாயும் கண்ணும் மட்டும் மாறும் முகபாவங்களுக்கு நன்றாகப் பொருந்தும். பெட்டி, கதவு, வாள், பொத்தான் மாதிரி மாறாத பொருள்களுக்கும் அப்படியே.

படத்தை இடவலமாகத் திருப்பினால் வெளிச்சமும் பக்கம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். நேர் மேலிருந்து வரும் வெளிச்சம் என்றால் பிரச்சினையே இல்லை. அடிக்கடி திருப்பிப் பயன்படுத்தப் போகும் பொருளுக்கு மேல்விளக்கு நிழலையே போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

குறுக்குக்கோடு, புள்ளி டோன் மாதிரி அமைப்புகளைச் சேமித்து வைக்கலாமா?

குறுக்குக்கோட்டு அமைப்பைத் தாராளமாகச் சேமிக்கலாம். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒரு சதுரம் வரைந்து, நிழல் வடிவத்துக்குக் கிளிப் செய்தால் போதும். புள்ளிகளால் சாம்பலைக் காட்டும் புள்ளி டோனில் மட்டும் ஜாக்கிரதை: பிக்சலாகப் பதிந்த புள்ளிகளைச் சிறிதாக்கினால் அலையலையாக மொய்ரே வடிவம் கிளம்பும். அந்த வகை நிழலைச் சாம்பலாகவே சேமித்து, இறுதி அளவு முடிவான பிறகு கடைசியில் டோனாக மாற்றுங்கள்.

பலமுறை பெரிதாக்கிச் சுழற்றினால் விளிம்பு மங்குகிறதே?

ஒவ்வொரு மாற்றத்திலும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூர்மை போகும். போட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், கிரிட்டாவில் டிரான்ஸ்ஃபார்ம் மாஸ்க் பயன்படுத்தினால் மூலம் அப்படியே இருக்கும். இரண்டும் இல்லாத இடத்தில், மூலத்தைப் பெரிய அளவில் தனியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே நகலெடுங்கள்.

ஓர் இடத்தில் நிழலைத் திருத்தினால் அதைப் பயன்படுத்திய எல்லா இடத்திலும் மாற வேண்டும். வழி உண்டா?

ஒரே கோப்புக்குள் என்றால் போட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டைச் சாதாரணமாக நகலெடுங்கள், ஒன்றைத் திருத்தினால் எல்லாம் மாறும். 'நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி' கொடுத்தால் தொடர்பு அறுந்துவிடும், சில நேரம் அதுவும் தேவைதான். கிரிட்டாவில் இதற்குக் குளோன் லேயர். பல கோப்புகளுக்கு இடையே என்றால் கிரிட்டாவின் ஃபைல் லேயர், போட்டோஷாப்பின் இணைக்கப்பட்ட ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், கிளிப் ஸ்டூடியோவின் ஃபைல் ஆப்ஜெக்ட். மூலக்கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் இணைப்பு போய்விடும், ஆகவே முதலிலேயே அதற்கொரு நிரந்தர இடம் ஒதுக்குங்கள்.

டேப்லெட்டில் லேயர் வரம்பு வந்து நிற்கிறது. எதைச் சேர்ப்பது?

புரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக லேயர் எண்ணிக்கை குறையும். அப்படி நெருக்கடி வந்தால் முதலில் பிளாட் கலர்களை ஒன்றாக்குங்கள், ஒன்றையொன்று தொடாத பகுதிகளுக்கு ஒரே லேயர் போதும். நிழலையும் நிறத்தையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

வேறு மென்பொருளில் திறந்தாலோ அச்சுக்குக் கொடுத்தாலோ நிழல் மாறிவிடுகிறதே?

பிஎன்ஜி ஒளி ஊடுருவலைச் சேமிக்கும், லேயரையோ மல்டிப்ளை மோடையோ சேமிக்காது. நிழலைப் பிஎன்ஜியாக எடுத்துப் போனால் மறுபடி மோடை மாற்ற வேண்டும். போட்டோஷாப்பின் கோப்பு வடிவமான பிஎஸ்டி இரண்டையும் கொண்டுபோகும், மென்பொருளுக்கு மென்பொருள் மாறுவதற்கு அதுவே நல்லது. கிம்ப் 2.10 முதல் மோடுகள் புதியவை, 'லெகஸி' (பழையவை) என இரு தொகுப்பாக உள்ளன. நிழலின் அடர்த்தி எதிர்பார்த்தபடி இல்லையென்றால் எந்தத் தொகுப்பின் மல்டிப்ளை இயங்குகிறது என்று பாருங்கள்.

அச்சில் சிக்கல் வேறு. மல்டிப்ளை கணக்கு கோப்பின் நிற முறையிலேயே நடக்கிறது. ஆர்ஜிபியில் (திரையின் நிற முறை) பெருக்கிய விடையும் சிஎம்ஒய்கேயில் (அச்சு மையின் நிற முறை) பெருக்கிய விடையும் ஒன்றாக இருக்காது. லேயர்களோடு நிற முறையை மாற்றினால் நிழல்கள் சேறாகலாம். கோப்பை நகலெடுத்து, நகலில் எல்லா லேயரையும் ஒன்றாக்கி, அதற்குப் பிறகு சிஎம்ஒய்கேக்கு மாற்றுங்கள். லேயர் உள்ள ஆர்ஜிபி மூலம் தனியே இருக்கட்டும், அடுத்த பதிப்புக்கு அதைத்தான் திறக்கப் போகிறீர்கள்.